நூறில் போட்ட பூட்டு

என் அக்கா புருஷனுக்குத் தொழில் வட்டாரத்தில் "பூட்டு" என்று பெயர். "பூட்டு இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஷெட்டுக்குள் நுழைவார்கள். விஷயம் தெரியாத சிலர் சாவிக்கடை என்று நினைத்துக்கொண்டு பீரோவுக்கு மாற்றுச்சாவி கேட்டதும் உண்டு. அத்தான் சிரித்துக்கொண்டே அடுத்த தெருவுக்கு வழி சொல்லி அனுப்புவார். கோபப்படுகிற வேலையை அவர் எனக்கு ஒதுக்கியிருந்தார். நானும் அதை ஒரு குறையும் வைக்காமல் செய்துவந்தேன்.

அவருடைய தொழில் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரைத் திருத்துவது. இன்றைய வண்டி எதைத் திறந்தாலும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு அலுமினியப் பெட்டி இருக்கும். எந்த நொடியில் எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை ஊத வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் எண்களாக எழுதியிருக்கும். அத்தான் லேப்டாப்பை மாட்டி அந்த எண்களைப் படித்து, மாற்றி, திரும்ப எழுதுவார். மலையேற மூச்சு வாங்கிய வண்டி அடுத்த நாள் துள்ளிக்கொண்டு போகும். ஸ்பேனர் பிடிக்கிற வேலையெல்லாம் என்னுடையது. எனக்குக் கை, அவருக்குக் காது. பதினெட்டு வருஷம் டீசல் பம்ப் பழுது பார்த்த காது அது. எஞ்சின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றால் எந்த சிலிண்டர் இருமுகிறது என்று சொல்லிவிடுவார். நாற்பது வயதுக்கு மேல்தான் லேப்டாப்பைத் தொட்டார். மூன்று பெட்டிகளைக் கருக்கித்தான் வேலை பழகினார்.

பூட்டு என்ற பெயர் அப்புறம் வந்தது. ஒரு பிக்கப் வண்டிக்கு ஏழெட்டு மாதம் உட்கார்ந்து அவர் உருவாக்கியிருந்த எண்களை, வேறொரு ஷெட்காரன் அந்த வண்டியிலிருந்தே அப்படியே உருவி எடுத்துத் தன் சரக்காக விற்றுவிட்டான். திருடியதுதான் திருடினான், சும்மா இருந்தானா? இன்னும் பவர் வேண்டும் என்று கையை வைத்து ஏதோ கூட்டிவிட்டான். இரண்டு எஞ்சின்களில் பிஸ்டன் உருகியது. வண்டிக்காரர்கள் நேரே எங்கள் ஷெட்டுக்கு வந்து நின்றுகொண்டு அத்தானின் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினார்கள். செய்தவன் ஒருத்தன், மாட்டிக்கொண்டவர் இவர்.

அன்றிலிருந்து அவர் கை பட்ட எந்தப் பெட்டியும் பூட்டாமல் வெளியே போனதில்லை. எழுதி முடித்ததும் ஒரு பாஸ்வேர்டு போடுவார். அதற்குப் பிறகு வேறு யார் லேப்டாப்பை மாட்டினாலும் சாதாரணக் கோளாறுகளை மட்டும் அது சொல்லும். உள்ளே இருப்பதைப் படிக்கவும் விடாது, மாற்றவும் விடாது. பூட்டோடு இன்னொன்றும் சேர்த்தார். எஞ்சின் நிற்பதற்கு முந்தைய நான்கு நிமிஷம் வண்டி எப்படி ஓடியது என்பதை நொடி நொடியாகப் பெட்டி பதிந்துவைத்துக்கொள்ளும். வேகம் எவ்வளவு, பெடல் எவ்வளவு மிதிபட்டது, பிரேக் பிடித்தார்களா என்பதெல்லாம் இருக்கும். விரட்டி ஓட்டிக் கெடுத்துவிட்டு இவர் தலையில் பழியைப் போட வருகிறவர்களுக்கு அந்தப் பதிவைத் திறந்து காட்டுவார். வந்த வேகத்தில் திரும்பிப் போவார்கள்.

அவருக்கு ஒரே பெண், அக்கா மகள் என்பதால் எனக்கு மருமகள். என் மடியில் வளர்ந்தவள் என்பதால் சொல்லவில்லை, நல்ல பெண். ஆனால் வாயில் ஒன்றும் தங்காது. அவளிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று என்று அவள் அம்மாவே சொல்வாள். அவளைக் கட்டியவர் மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தார். வாரத்தில் நாலு நாள் ரோட்டில்தான் இருப்பார். அப்பா இல்லாமல், அம்மா தையல் மெஷினை மிதித்து வளர்த்த பிள்ளை. மாமனாரிடம் மரியாதை, என்னிடம் கேலி, பெண்டாட்டியிடம் உயிர். குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் அவருக்குக் கால் தரையை விட்டு மேலே வராது. நூற்று நாற்பதுக்குக் குறைந்து ஓட்டினால் தூக்கம் வருகிறது என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டுவிட்டுப் போனார். பழைய கார். டீசல் கொஞ்சம் மிச்சமாகிற மாதிரி பார்த்துக்கொடுங்கள் மாமா என்று கேட்டிருந்தார். அவர் போன அரை மணி நேரத்தில் என் மருமகள் ஷெட்டுக்கு வந்தாள். அப்பா உட்கார்ந்திருந்த கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தி என்ன பிரயோஜனம், வண்டியை ஏற்றி நிறுத்தும் ரேம்ப் வரைக்கும் அவள் குரல் எனக்குக் கேட்டது.

"அப்பா, அவரோட வண்டியில உட்கார்ந்தா எனக்கு உயிர் கையில இருக்கு. சொன்னா சிரிக்கிறார். நீங்க அந்தப் பெட்டியில ஏதாவது பண்ணி வேகத்தைக் குறைச்சு வைங்கப்பா. அவருக்குத் தெரிய வேண்டாம்."

"அதெல்லாம் லாரிக்குப் பண்றதும்மா. பாக்கலாம், நீ போ."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

அவள் போனதும் அவர் அதைச் செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் நூறு கிலோமீட்டரைத் தொட்டதும் எஞ்சின் மேற்கொண்டு பவர் கொடுக்காது. லாரி வைத்திருக்கிற கம்பெனிகளுக்கு நூறு தடவை செய்த வேலைதான். ஆனால் லாரிக்கு வைக்கும்போது அத்தான் ஒரு விலக்கையும் சேர்த்தே வைப்பார். பெடலைத் தரை வரைக்கும் அழுத்தினால் பத்து, பதினைந்து நொடிக்கு அந்த வரம்பு விலகிக்கொள்ளும். எதிரே வண்டி வரும்போது முந்திக்கொண்டிருப்பவன் நடுரோட்டில் பவர் இல்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அது வேண்டாம், டிரைவர்கள் அதையே பிடித்துக்கொண்டு ஏமாற்றுவார்கள் என்று ஒரு முதலாளி அடம்பிடித்தபோது, அப்படியென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னவர் அவர்.

அன்றைக்கு அந்த விலக்கு இருந்த கட்டத்தில் அவர் பூஜ்யம் போட்டார்.

"அத்தான், விலக்கு வைக்கலையா?" என்றேன்.

"வச்சா மாப்பிள்ளை ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுவாரு மச்சான். மிதிச்சா நூத்தி முப்பது போகும், காலை எடுத்தா நூறுல நிக்கும். மாமா ஏதோ வேலை காட்டிட்டார்னு தெரிஞ்சிடும். வேற எங்கயாவது கொண்டுபோவாரு. இப்படி ஒரேயடியா நூறுல நின்னா எஞ்சின்ல கோளாறுன்னு நினைச்சு நம்மகிட்டயேதான் வருவாரு. வரட்டும், உட்கார வச்சுப் பேசிக்கலாம்."

"வேற எங்க கொண்டுபோனாலும் உங்க பூட்டைத் திறக்கப்போறாங்களா?"

"அதுவும் சரிதான்" என்றவர் சிரித்துக்கொண்டே பூட்டினார்.

"மாமனார் மருமகனுக்கு மூக்கணாங்கயிறு போட்டாச்சு" என்று நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். வாய்க்கு வாய் எதிர்த்துப் பேசுகிற நான் அன்றைக்குச் சிரித்துவிட்டு ஆயில் மாற்றப் போய்விட்டேன். தன் பெண்ணிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அன்று சாயங்காலமே அது மாப்பிள்ளை காதுக்குப் போய்விடும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டி ஊருக்குள்தான் ஓடியது. திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, இருவழிச் சாலையில், நீளமான ஒரு டிரெய்லர் லாரியை முந்தப் போய் எதிரே வந்த பஸ்ஸில் மோதினார். பஸ்ஸில் இருந்தவர்களுக்குக் கை கால் காயத்தோடு போனது. எங்கள் மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார். முப்பத்தொரு வயது.

 ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான். 

விசாரித்தவர்கள் காரணம் என்ற இடத்தில் "அதிவேகம்" என்று எழுதினார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர் எப்படி ஓட்டுவார் என்பதுதான் ஊருக்கே தெரியுமே. துக்கத்துக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று பேசினார்கள். அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, கண்டிக்க ஆளில்லை, பறந்தான், போய்ச் சேர்ந்தான் என்றார்கள். ஒருத்தன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவன் தெருமுனையில் போய் நின்று அதையே பேசினான். என் மருமகள் எங்களோடு வந்துவிட்டாள். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஷெட்டுக்கு வந்து போன் எடுத்துப் பேசவும், வண்டி விவரம் எழுதவும் ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா ஷெட்டுக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தோள்பையிலிருந்து வெட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். துணியைப் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அலுமினியப் பெட்டி. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"உடைஞ்ச வண்டியைப் போட்டிருக்கிற இடத்துக்குப் போனேன் சம்பந்தி. ஒரு மெக்கானிக் தம்பிதான் கழட்டிக் குடுத்துச்சு. இதுல எல்லாம் பதிஞ்சிருக்கும், ஆனா பூட்டுனவர் திறந்தாத்தான் உண்டுன்னு சொல்லிச்சு. அதான் கொண்டுவந்தேன்."

அத்தான் பெட்டியைத் தொடவில்லை. "எதுக்கும்மா இப்போ?" என்றார்.

"கடைக்குத் துணி குடுக்க வர்றவங்ககூட வேகம் எமன்னு எனக்குப் புத்தி சொல்லிட்டுப் போறாங்க. ஓட்டுறது வேகம்தான், எனக்குத் தெரியாதா. ஆனா அவன் போறதுக்கு முந்தின நாள்தான் அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன், இனிமே அப்படி ஓட்ட மாட்டேன்னு. என் தலையில கைய வச்சுச் சொன்னான். அவன் வாக்குக் காப்பாத்துனானா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும். காப்பாத்தியிருந்தா ஒரு பேப்பர்ல போட்டுக் குடுங்க. அந்த அதிவேகத்தை அடிச்சு எழுதச் சொல்லிக் கேட்பேன். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

என் மருமகள் கண்ணாடி அறை வாசலில் வந்து நின்றாள். "பாத்துச் சொல்லுங்கப்பா" என்றாள்.

இரண்டு பேரையும் உள்ளே உட்காரவைத்துவிட்டு நாங்கள் பின்பக்க மேஜைக்குப் பெட்டியைக் கொண்டுபோனோம். மின்சாரம் கொடுக்க வயரை நான் பிடித்துக்கொண்டேன். அத்தான் பாஸ்வேர்டைத் தட்டினார். தப்பு என்றது. இன்னொரு முறை தட்டினார். தப்பு.  மூன்றாவது தடவை திறந்தது.

நான்கு நிமிஷத்துப் பதிவு. முதல் மூன்றரை நிமிஷத்தில் வேகம் எண்பது, எண்பத்தைந்து, எண்பது. லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போயிருக்கிறார். சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அப்புறம் வெளியே எடுக்கிறார், தொண்ணூறு, தொண்ணூற்றாறு, நூறு. லாரியும் விட்டுக்கொடுக்காமல் வேகம் கூட்டியிருக்க வேண்டும், எதிரே பஸ் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பெடல் முழுவதும் தரையில். பக்கத்து வரிசையில் வேகம் நூறு. அடுத்த நொடி பெடல் முழுசு, வேகம் நூறு. அடுத்த நொடி பெடல் முழுசு, வேகம் நூறு. இப்படிப் பதினோரு நொடி. கடைசியில் பெடல் பூஜ்யம், பிரேக்.

நான் எண்ணினேன். பதினோரு நொடி என்பது வாயால் எண்ணிப் பார்த்தால்தான் எவ்வளவு நேரம் என்று தெரியும். விலக்கு மட்டும் இருந்திருந்தால் ஏழெட்டு நொடியில் லாரியைத் தாண்டியிருப்பார். அத்தான் திரையைப் பார்த்தபடியே நின்றார். அழவில்லை. "மிதிச்சிருக்காரு மச்சான். மிதிச்சுக்கிட்டே இருந்திருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

"இப்பவே அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. அவங்க பிள்ளை வேகமா போகலைன்னு சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா பேப்பர் கேப்பாங்க. பேப்பர்ல பெடல் இருக்கும், நூறு இருக்கும். என் பொண்ணு பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கா? பதினோரு தடவை நூறுன்னு பாத்தா அவளுக்கு விளங்காதா?"

"நீங்களா வச்சதா சொல்லுங்க. அவ கேட்டதா ஏன் சொல்றீங்க?"

"அவளுக்குத் தெரியுமே, தான் கேட்டது. நான் செத்தாலும் பரவாயில்ல. அவ எப்படி இருப்பா சொல்லு. தன் வாயாலதான் புருஷன் போனான்னு தெரிஞ்சு எப்படி இருப்பா?"

 எனக்குக் கோபம் வந்தது. உன் பெண்ணைக் காப்பாற்ற அடுத்தவள் பிள்ளையைக் காவு கொடுப்பதா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

"ஒண்ணும் இல்லைம்மா" என்றார் அந்த அம்மாவிடம். "அடிபட்டதுல எல்லாம் அழிஞ்சுபோச்சு. ஒண்ணும் படிக்க முடியல."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். முகம் வெளுத்துப்போய், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் அளவெடுத்துப் பழகிய கண் அது. பொய் என்று கண்டுபிடித்துவிட்டது. என்ன பொய் என்பதைத்தான் தப்பாகக் கண்டுபிடித்தது.

"புரியுது சம்பந்தி" என்றார். "வேகமாத்தான் போயிருக்கான். என் மனசு நோகக் கூடாதுன்னு மறைக்கிறீங்க."

 

அந்த அம்மா எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என் தலையில கைய வச்சுப் பொய் சத்தியம் பண்ணியிருக்கான். உங்க பொண்ணு வாழ்க்கையையும் கெடுத்துட்டுப் போயிட்டான். நான் வளர்த்த லட்சணம் அது. என்னை மன்னிச்சிடுங்க" என்றார். பிறகு என் மருமகள் பக்கம் திரும்பி, "நீயும் மன்னிச்சிடும்மா" என்றார்.

அந்த இடத்தில் கூரை இடிந்து எங்கள் தலையில் விழுந்திருக்கலாம். விழவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் நான்தான் கூடப் போனேன். வழியெல்லாம் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பஸ் வந்தது. ஏற்றிவிட்டுத் திரும்பினேன். ஊரில் எல்லோரிடமும் சண்டை போடுகிறவன், அன்றைக்கு மென்று முழுங்கினேன்.

அதற்குப் பிறகு என் மருமகள் மாறிப்போனாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள். "அம்மா தலையில அடிச்ச சத்தியத்தையே காப்பாத்தாதவர், எனக்காக எங்க குறைச்சிருக்கப்போறாரு" என்றாள் ஒரு நாள். அவர் போட்டோவைப் பீரோவுக்குள் வைத்தாள். மாமியார் போன் செய்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. செத்தவருக்காக அழவாவது உரிமை இருந்தது அவளுக்கு. அதையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

அத்தான் வேலையை விடவில்லை. விட்டால் ஏன் என்று கேள்வி வரும். வந்த வண்டிகளைத் திருத்தினார், பூட்டினார், அனுப்பினார். லாரிகளுக்கு விலக்கை மட்டும் இருபது நொடியாக்கினார். முதலாளிகள் சண்டை பிடித்தபோது அவர் பதில் பேசவில்லை, நான் பேசினேன்.

போன வாரம் ஒரு தண்ணி லாரி வந்திருந்தது. பெரிய வேலை ஒன்றும் இல்லை, வேகத்தை அறுபதில் நிறுத்த வேண்டும். அத்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்து வாங்க வந்த மருமகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். நான் எதிரே ஸ்டூலில் இருந்தேன்.

"இது என்னப்பா?"

"ஸ்பீட் லிமிட்மா."

"இதை வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

அத்தானின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. "அஞ்சு நிமிஷம்" என்றார்.

"அஞ்சு நிமிஷமா?" அவள் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு இந்த ரூம்ல வந்து உங்ககிட்ட கெஞ்சினேன். பாக்கலாம்னீங்க. அஞ்சு நிமிஷ வேலையாப்பா இது? அதை மட்டும் வச்சிருந்தா இன்னிக்கு அவர் இருந்திருப்பாருல்ல?"

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். அத்தான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் திரும்ப உட்கார்ந்தேன்.

"ஏன்பா வைக்கல?"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணை எங்கே வைப்பது என்று தடுமாறவில்லை. பொய் பழகிவிட்டிருந்தது.

"மறந்துட்டேன்மா" என்றார்.

அவள் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசுவதில்லை. வேளாவேளைக்குத் தட்டில் சாப்பாடு போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார்.